ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியும் ஐந்து கிளைக் கனவும்

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் சேலத்துக்காரர் ஒருவர் கேட்டது இது: "கோ-வொர்க்கிங் கம்பெனிகள் வரிசையாகப் பங்குச்சந்தைக்கு வருகின்றன. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் 4,000 சதுர அடி மாடி ஒன்று, சதுர அடி 35 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கே ஆரம்பித்து, மூன்று வருடத்தில் ஏற்காடு உட்பட ஐந்து கிளை ஆக்க முடியுமா?"

மாடியை எடுத்து ஆபீசாக அமைத்து, நாற்காலி நாற்காலியாக வாடகைக்கு விடுவதுதான் கோ-வொர்க்கிங். நான் சேலத்தில் எட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரே இடம், 70 சீட். நடுவில் இரண்டாவது கிளை ஒன்றைத் திறந்து பதினான்கு மாதத்தில் மூடியவன். அந்தச் சூட்டோடுதான் பதில் சொல்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வாடகைக்கு அந்த மாடி வேண்டாம். மூன்று வருடத்தில் ஐந்து கிளை வேண்டவே வேண்டாம். ஏற்காடு, வாடகைக்கு எடுக்காமல் செய்ய முடிந்தால் பார்க்கலாம். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நான் இந்த யோசனையை முதன்முதலில் சொன்னது சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் மாமாவிடம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ட்யூ எத்தன மாசம் கட்டோணும்? லோடு எத்தன நாளைக்கு வரும்?" என்றார். கட்டடக்காரரிடம் ஐந்து வருட அக்ரிமென்ட், உட்கார வருகிறவர்கள் மாதா மாதம் என்றேன். "அப்ப லோடு பேசாம வண்டி வாங்கப் போற" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

தொழிலின் சூட்சுமம் மொத்தமும் அந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது. இடத்தை மொத்தமாக, நீண்ட காலத்துக்கு வாங்குகிறோம். சில்லறையாக, குறுகிய காலத்துக்கு விற்கிறோம். சில்லறை விலை அதிகம், அதனால் லாபம். வாங்கினவர் எந்த மாதமும் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம், அதனால் ஆபத்து. புதுக் கிளை திறக்கும் ஒவ்வொரு முறையும் வாடகை முதல் நாளே வந்து நிற்கும், ஆள் மட்டும் ஆறேழு மாதம் கழித்துத்தான் வருவார்.

உலக அளவில் இந்தக் கதை ஏற்கெனவே இரண்டு முறை நடந்துவிட்டது. மார்க் டிக்சன் 1989-ல் பிரஸ்ஸல்ஸில் ஆரம்பித்த ரீஜஸ், இன்டர்நெட் கம்பெனிகள் ஊதிப் பெருத்த டாட்காம் காலத்தில் கிளைக்கு மேல் கிளை திறந்தது. குமிழி உடைந்ததும் 2003-ல் அதன் அமெரிக்கப் பிரிவு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பிறகு நிமிர்ந்து, இன்று ஐடபிள்யூஜி என்ற பெயரில் நடக்கிறது. அடுத்தது வீவொர்க். 2010-ல் நியூயார்க்கில் தொடக்கம், 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் மதிப்பு. அந்த ஆகஸ்டில் பங்கு வெளியீட்டுக்கு ஆவணம் தாக்கல் செய்தார்கள். அதில் இரண்டு எண்கள் இருந்தன. வரும் வருடங்களில் கட்டியே தீர வேண்டிய வாடகை சுமார் 4,700 கோடி டாலர். வாடிக்கையாளர்கள் தருவதாகக் கையெழுத்துப் போட்ட தொகை சுமார் 400 கோடி டாலர். ட்யூ 4,700, பேசி வைத்த லோடு 400. என் மாமாவிடம் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் மூடி வைத்திருப்பார். செப்டம்பரில் வெளியீட்டை வாபஸ் வாங்கினார்கள். 2023 நவம்பரில் திவால் மனு, 2024 ஜூனில் அதிலிருந்து மீண்டு வந்தார்கள். முன்பு ஒருமுறை வட்டி, தேய்மானத்தோடு விளம்பரச் செலவு, நிர்வாகச் செலவையும் கழற்றி வைத்துவிட்டு ஒரு 'லாபம்' காட்டினவர்கள் இவர்கள். வீட்டுச் செலவை எழுதாமல் சம்பளம் மிச்சம் என்று சொல்வது மாதிரி.

இதே 'கோ-வொர்க்கிங்' என்ற பெயரில் 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் ஆரம்பித்தது, வேறொருவர் இடத்தில், வாரம் இரண்டே நாள். முதல் மாதம் ஒருவரும் வரவில்லையாம். நான் கடை திறந்த முதல் மூன்று வாரம் நானும் ரிசப்ஷன் பெண்ணும் மட்டும் உட்கார்ந்திருந்தபோது இந்தச் சேதிதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்படியானால் நம் நாட்டுக் கம்பெனிகள் எப்படிப் பங்குச்சந்தை வரை வந்தன? 2024 மே மாதத்தில் ஆஃபிஸ் ஸ்பேஸ் சொல்யூஷன்ஸ் (பெயரே 'ஆஃபீஸ்' என்பது போலத்தான் ஒலிக்கும், போனில் சொன்னால் குழப்பம்தான்), 2025 ஜூலையில் ஸ்மார்ட்வொர்க்ஸ், இண்டிக்யூப், அக்டோபரில் வீவொர்க் இந்தியா. கடைசியாகச் சொன்னது எம்பசி குழுமத்தின் கையில் இருப்பது. அமெரிக்கக் கம்பெனி விழுந்தபோது இது கூடவே விழவில்லை.

இவர்கள் பிழைத்த வழி இரண்டு. முதல் வழி, தனியாள்களை நம்பாமல் கம்பெனிகளுக்கு விற்பது. நூறு, முந்நூறு பேர் உட்காரும் இடத்தைக் கேட்டபடி அமைத்துக் கொடுத்து, இரண்டு மூன்று வருடம் லாக்-இன் (நடுவில் காலி செய்ய முடியாத காலம்) வாங்கிக்கொள்வது. ஸ்மார்ட்வொர்க்ஸ் பெரும்பாலும் இப்படித்தான். லோடு பேசிவிட்டு வண்டி எடுப்பது இது. பெங்களூர், ஹைதராபாத், சென்னையில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் மையங்கள் வந்து குவிந்ததால் இந்த லோடுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது வழிதான் நம் ஊருக்குப் பொருந்துவது. ஜலகண்டாபுரம், தாரமங்கலம் பக்கம் தறி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், சொந்தமாக நூல் வாங்கிப் பாவு போட்டு ஓட்டுவதற்கும், கூலிக்கு ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார்கள். கூலிக்கு ஓட்டினால் நூல் வியாபாரியுடையது, சரக்கு விற்காவிட்டால் பெரிய அடி அவருக்கு. தறிக்காரருக்குக் கிடைப்பது குறைவு, ஆனால் நூல் விலை ஏறி இறங்கியதில் வீட்டை விற்க வேண்டிய நிலை வராது. முன்னே சொன்ன ஆஃபிஸ் ஸ்பேஸ் சொல்யூஷன்ஸ் பெருவாரியாகச் செய்தது இந்தக் கூலி ஓட்டம்தான். கட்டடக்காரரே உள்வேலைக்கான பணத்தை முழுசாகவோ பாதியாகவோ போடுவார். நிலையான வாடகை கிடையாது, அல்லது மிகக் குறைவு. வருகிற வருமானத்தில் இருவருக்கும் பங்கு. காலியாகக் கிடக்கும் மாடியை வைத்துக்கொண்டு சொத்து வரி கட்டும் ஓனருக்கு இது லாபமாகக்கூட முடியும்.

இன்னொன்று, இந்தக் கம்பெனிகளின் முடிவுகளை நீங்கள் படிப்பவராக இருந்தால், கடைசி வரியில் தெரியும் நஷ்டத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இப்போதைய கணக்கியல் விதிப்படி குத்தகை வாடகையைத் தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரித்து எழுத வேண்டும். குத்தகையின் ஆரம்ப வருடங்களில் கையை விட்டுப் போன வாடகையைவிடப் புத்தகத்தில் செலவு கூடுதலாகத் தெரியும். புதுக் கிளை அதிகம் திறப்பவருக்குப் புத்தக நஷ்டமும் அதிகம். இதை நல்லபடியாகவும் பார்க்கலாம், கெட்டபடியாகவும் பார்க்கலாம்.

உங்கள் மாடிக்கு வருகிறேன். கீழே வருவது என் இடத்துச் செலவை வைத்துப் போட்ட கணக்கு.

ஓனர் 4,000 சதுர அடி என்றால் அது சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், தூண், சுவர் போக உள்ளே நாற்காலி போடக்கூடியது 3,000 வந்தால் பெரிது. ரிசப்ஷன், மீட்டிங் ரூம், போன் பேசும் கூண்டு, பேன்ட்ரி, நடைபாதை எல்லாம் சேர்த்து ஒரு சீட்டுக்கு 60 சதுர அடி என்று வைத்தால் 50 சீட். வாடகை மட்டும் நீங்கள் 4,000-த்துக்குக் கட்டுவீர்கள்: 1,40,000. உள்வேலை சதுர அடிக்கு 1,200 வீதம் 36 லட்சம். ஐந்து வருடத்தில் எடுக்க வேண்டுமென்றால் மாதம் 60,000. கரண்ட் 45,000 (வணிக டேரிஃப், சேலத்து ஏப்ரல், ஏசி ஓடாமல் ஒருவரும் உட்காரமாட்டார்கள்). இரண்டு கம்பெனி இன்டர்நெட் லைன் 12,000. ரிசப்ஷன், துப்புரவு, இரவு வாட்ச்மேன் 50,000. டீ, காபி, தண்ணீர் கேன், டீசல், ரிப்பேர் 23,000. கூட்டினால் 3,30,000.

வரவு? சேலத்தில் ஒரு சீட்டுக்கு 5,500 ரூபாய்க்கு மேல் கேட்டால் "அண்ணா, அதுக்கு ரூம் வாடகைக்கே எடுத்துருவேன்" என்பார்கள். 50 சீட்டும் நிறைந்தால் 2,75,000. அதாவது ஒரு சீட்கூடக் காலி இல்லாமல் ஓடும் மாதத்தில் உங்களுக்கு 55,000 நஷ்டம். போதாததற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கம்பெனிக்காரர் அதை இன்புட்டில், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பையனுக்கு அந்த 5,500 உண்மையில் 6,490.

இதையே பிரதான ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சதுர அடி 22 ரூபாய்க்கு எடுங்கள். வாடகை 88,000. ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிட்டு, கண்ணாடித் தடுப்பைக் குறைத்து 900 ரூபாயில் உள்வேலையை முடித்தால் மாதம் 45,000. கரண்ட், டீசல் வகையில் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் மொத்தச் செலவு 2,55,000 வரும். மீட்டிங் ரூம், டே பாஸ் (ஒரு நாளுக்கு மட்டும் சீட்), விர்ச்சுவல் ஆஃபீஸ் (விலாசம் மட்டும்) இவற்றிலிருந்து 30,000 வந்தால், 41 சீட் நிறையும்போது கணக்கு நேராகும். 50-ல் 41. இது நடக்கக்கூடியது. நான் அங்கே போய்ச் சேர ஒன்றரை வருடம் ஆனது.

ஃபேர்லேண்ட்ஸ் என்ற விலாசத்துக்கு வருமானம் உண்டா என்றால், துணிக்கடைக்கும் ஸ்கேன் சென்டருக்கும் உண்டு. நமக்கு நடந்து போகிறவர் திடீரென்று ஏறி வருவதில்லை. போனில் தேடி, விசாரித்து, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வருகிறார். நாற்பது டூ வீலர் நிற்க இடம் இருப்பது கண்ணாடி முகப்பைவிட மேல்.

யார் வருகிறார்கள் என்பதை வெளியூர் மாதிரியை வைத்து ஊகிக்காதீர்கள். லேப்டாப்போடு காபி குடித்துக்கொண்டு ஸ்டார்ட்அப் நடத்துபவர் சேலத்தில் என் 70 சீட்டில் ஐந்தைத் தாண்டியதில்லை. 2020-க்குப் பிறகு பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்குத் திரும்பி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அங்கே போய்வருகிறவர்கள் ஒரு பங்கு. மெடிக்கல் கோடிங் (மருத்துவக் குறிப்புகளை பில்லுக்கான குறியீடாக மாற்றுவது) செய்யும் சின்ன டீம்கள் ஒரு பங்கு. இந்த ஊரில் அந்த வேலை தெரிந்த பிள்ளைகள் நிறைய. சோனா குழுமத்தின் வீ டெக்னாலஜீஸ் மாதிரி பெரிய இடங்களில் பழகியவர்கள் வெளியே வந்து ஆறு பேர், பத்துப் பேர் என்று ஆரம்பிப்பதுண்டு. வீட்டுக்கடன், சோலார், காப்பீடு விற்கும் கம்பெனிகளின் ஃபீல்டு ஆட்கள் இன்னொரு பங்கு. அவர்களுக்குக் காலை ஒன்பதரைக்கு அரை மணி நேர மீட்டிங், மாலையில் ரிப்போர்ட். பன்னிரண்டு பேருக்கு ஆறு சீட் போதும். ஒரு சீட்டை இரண்டு முறை விற்பது என்பது இதுதான்.

பிறகு, நான் எதிர்பார்க்காத ஆள் ஒருவர். இளம்பிள்ளையில் சேலை வாங்கி ஆன்லைனில் லைவ் போட்டு விற்கும் அக்கா. வீட்டில் மாமியார், டிவி, குக்கர் விசில். மீட்டிங் ரூமை மாலை நான்கிலிருந்து ஆறு வரை எடுப்பார். இரண்டு பெரிய கட்டைப் பை, ஒரு ரிங் லைட், மேஜை மேல் சேலை மலை. "பாருங்கம்மா, முந்தானை எப்படி விழுது பாருங்க" என்று அவர் குரலை உயர்த்தினால் பக்கத்துக் கூண்டில் அமெரிக்கக் கிளையன்ட்டோடு பேசிக்கொண்டிருப்பவர் எட்டிப் பார்ப்பார். புகார் வந்தது. சாமான் போட்டு வைத்திருந்த எட்டுக்குப் பத்து அறையைக் காலி செய்து, கனத்த திரை போட்டு, வெள்ளைச் சுவரடித்து அவருக்குக் கொடுத்தேன். இன்று அந்த அறையை மணிக் கணக்கில் எடுக்க வெள்ளிக் கொலுசு விற்கிறவர், டியூஷன் எடுக்கிறவர், ஜோசியம் சொல்கிறவர் என்று வரிசை. என் மாடியில் சதுர அடிக்கு அதிகம் சம்பாதிப்பது அந்த அறைதான். முப்பதாயிரம் போட்டு வாங்கிய டிசைனர் சோஃபாவில் இன்றுவரை கூரியர் பையன்கள்தான் உட்காருகிறார்கள்.

அடுத்தது கரண்ட். "நாளைய மின்தடை" என்று பத்திரிகையில் சூரமங்கலம், ஜாகீர் அம்மாபாளையம் பெயர் வந்தால், மறுநாள் காலை எட்டே முக்காலுக்கே என் படிக்கட்டில் ஆள் நிற்கும். பராமரிப்பு ஷட்டவுன் ஒன்பதிலிருந்து மாலை வரை. அன்றைக்கு டே பாஸ் விற்பதுபோல் வேறு எந்த விளம்பரத்துக்கும் விற்காது. வந்தவர்களில் இரண்டு பேர் மாதச் சீட்டுக்கு மாறுவார்கள். என் பக்கமே ஷட்டவுன் வரும் நாளில் ஜெனரேட்டர் ஓடவேண்டும், ஏசியோடு ஓடவேண்டும். கேட்கும் லோடுக்கு மூன்று ஃபேஸ் சேங்ஷன் ஆகியிருக்கிறதா, ஜெனரேட்டர் வைக்க இடம் எங்கே, அதன் புகை யார் ஜன்னலுக்குப் போகும் என்று மாடியைப் பார்க்கப் போகும்போதே கேளுங்கள். நான் கேட்கவில்லை. கீழே இருந்த பல் டாக்டர் முதல் வாரமே மேலே வந்துவிட்டார்.

இனி அடி வாங்கிய கதைகள். மூன்றாவது வருடம் வெளியூர்க் கம்பெனி ஒன்று 22 சீட் எடுத்தது. என் 54 சீட்டில் 22. அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் கேட்ட ஒரு மாத நோட்டீஸுக்குத் தலையாட்டினேன். கட்டடக்காரரிடம் எனக்கு லாக்-இன் மூன்று வருடம். பதினோராவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது: சேலம் டீமைக் கலைக்கிறோம், நன்றி. 22 நாற்காலி, 22 மானிட்டர் ஆர்ம், அவர்களுக்காகவே போட்ட தனித் தடுப்பு. ஏழு மாதம் அந்தப் பக்கத்து லைட்டையே போடவில்லை. அன்றிலிருந்து இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரே ஆளுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சீட் கொடுப்பதில்லை. கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கட்டடக்காரரிடம் எனக்கு எத்தனை மாதம் கட்டுப்பாடோ அதில் பாதியாவது அவர்களும் கையெழுத்துப் போடவேண்டும், அவர்களுக்காகச் செய்த உள்வேலைக்கு டெபாசிட் தனியாக.

விர்ச்சுவல் ஆஃபீஸ் என்பது நாற்காலியே கொடுக்காமல் விலாசத்தை மட்டும் விற்பது. ஜிஎஸ்டி பதிவுக்கு வணிக விலாசம் வேண்டியவர்கள், ஆன்லைனில் விற்கிறவர்கள் வாங்குவார்கள். செலவில்லாத வருமானம் என்று மயங்கி நாற்பது பேருக்குக் கொடுத்தேன். அதில் ஒருவர் சரக்கே இல்லாமல் பில் மட்டும் போடுகிறவராக இருந்தார். அதிகாரிகள் வந்து, அவர் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மூன்று மாதம் பதில் கடிதம், ஆடிட்டர் வீடு என்று அலைந்தேன். இப்போது முகம் பார்க்காமல், தொழில் நடக்கும் இடத்துக்கு ஒருமுறையாவது போகாமல் யாருக்கும் விலாசம் தருவதில்லை. நாற்பது பேர் பதினைந்தாகிவிட்டார்கள்.

இரண்டாவது கிளையைத் திறந்து மூடினேன் என்றேனே. முதல் இடம் நிறைந்து, காத்திருப்போர் பட்டியல் வைத்திருந்த காலம். ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி பிடித்தேன். திறந்து மூன்றே மாதத்தில் 26 சீட் நிறைந்தது, பெருமையாக இருந்தது. கணக்கை விரித்துப் பார்த்தால் அதில் 14 பேர் என் பழைய இடத்திலிருந்து, வீட்டுக்குப் பக்கம் என்று மாறினவர்கள். இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்டதற்கு மாதம் தொண்ணூறாயிரம் வாடகை. சென்னையில் கிண்டியும் பெருங்குடியும் வேறு வேறு ஊர் மாதிரி. சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து எங்கே போனாலும் இருபது நிமிடம். இங்கே கிளை கூடுவதால் வாடிக்கையாளர் கூடுவதில்லை. மூடிவிட்டு, பழைய கட்டடத்திலேயே மேல்மாடியைப் பாதி எடுத்தேன். அதே ரிசப்ஷன், அதே ஜெனரேட்டர், அதே வாட்ச்மேன், கூடுதலாக 16 சீட். என் எட்டு வருடத்தில் உண்மையான வளர்ச்சி என்றால் அந்தப் பாதி மாடிதான்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். ஒரு கட்டடத்தில் 50-ஐ 120 ஆக்குங்கள். அடுத்து ஒரு கம்பெனி 40 பேருக்கு இடம் கேட்டால், அவர்களுக்காக மட்டும் ஒரு மாடியைப் பிடித்து அமைத்துக் கொடுங்கள். ஆர்டர் கையில், பிறகு கட்டடம். சேலம் கருப்பூரில் 2024 செப்டம்பரில் திறந்த டைடல் நியோ என்ற அரசு ஐடி பூங்கா 55,000 சதுர அடி. அது வந்தால் நாம் காலி என்று அப்போது ஒரு நண்பர் பயந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியூர்க் கம்பெனியின் மேனேஜர் ஒருவர் சேலத்துக்கு வந்து இடம் பார்க்கக் காரணம் கிடைத்திருக்கிறது. ஐம்பது பேருக்கு அங்கே எடுப்பவர், முதல் எட்டுப் பேரை ஆள் சேர்க்கும்வரை எங்காவது உட்கார வைக்கவேண்டும். பயப்படுவதாக இருந்தால், சென்னை கொளத்தூரில் அரசே கோ-வொர்க்கிங் இடமாகத் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் பார்த்துப் பயப்படலாம். அரை நாளைக்கு 50 ரூபாய், முழு நாளைக்கு 100, மாதத்துக்கு 2,500 என்று ஆரம்பித்தார்கள். அந்த விலையோடு தனியார் யாரும் மோத முடியாது, மோதவும் கூடாது. தனியாளை மட்டும் நம்பித் தொழில் வைப்பவர் அதை மனதில் வைக்கட்டும்.

ஏற்காடு எல்லோருக்கும் வரும் ஆசை. எனக்கும் வந்தது. சேர்வராயன் மலையில் மூடுபனி, காபித் தோட்டம், ஜன்னலோரம் லேப்டாப். ஒரு புதன்கிழமை காலை அடிவாரத்திலிருந்து ஏறிப் பார்த்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு, பாதி வழியில் பேசிக்கொண்டிருந்த அழைப்பு மூன்று முறை அறுந்தது. மேலே ஏரிக்கரைக் கடைகள் பாதி மூடியிருந்தன. ஒரு ரிசார்ட்டில் முப்பது அறையில் இரண்டில்தான் ஆள். மேனேஜர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "சனி, ஞாயிறு வாங்க சார், நிக்க இடமிருக்காது" என்றார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்த ஊர் சம்பாதிப்பது சனி ஞாயிறும், மே மாதக் கோடை விழா சமயமும். ஆபீஸ் வேலை நடப்பது திங்கள் முதல் வெள்ளி. அவருக்குக் காலியாக இருக்கும் நாள்கள்தான் நமக்கு வேண்டிய நாள்கள். அப்படியிருக்க நாம் எதற்குத் தனியாக ஒரு கட்டடம் பிடித்து, காலியான அறைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு காலி அறை கட்ட வேண்டும்? ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வரும் இடம், புதுக் கட்டடம் எழுப்புவதும் இஷ்டப்படி விரிப்பதும் கீழே இருப்பதுபோல் சுலபமில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதையும் பார்த்தோம். அந்த மாதமும் வாடகை வாடகைதான்.

செய்வதாக இருந்தால், ரிசார்ட்டின் சாப்பாட்டு ஹாலிலோ மாநாட்டு அறையிலோ பத்து நல்ல நாற்காலி, யுபிஎஸ், இரண்டு வெவ்வேறு வழியில் வரும் இன்டர்நெட் இதற்கு மட்டும் நீங்கள் பணம் போடுங்கள். அறை அவருடையது, சாப்பாடு அவருடையது. திங்கள் ஏறி வெள்ளி இறங்கும் டீம்களைப் பெங்களூரிலிருந்து நீங்கள் கொண்டுவாருங்கள், பில்லில் பங்கு வாங்குங்கள். நூல் அவருடையது, தறி மட்டும் உங்களுடையது. நான் இரண்டு முறை இப்படிச் செய்தேன். ஒருமுறை நன்றாக நடந்தது. இன்னொருமுறை மூன்று நாள் மழையில் நெட் போய், வந்த எட்டுப் பேரும் கேரம் ஆடிவிட்டு இறங்கினார்கள், பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாடகை கட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

ஃபேர்லேண்ட்ஸ் ஓனரிடம் திரும்பப் போகும் எண்ணம் இருந்தால், இப்படிக் கேளுங்கள். அடிப்படை வாடகை சதுர அடிக்கு 15, அதற்குமேல் வசூலில் பங்கு. சாவி கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் உள்வேலைக்கு வாடகை இல்லை. அக்ரிமென்ட் ஐந்து வருடம், பதிவு செய்தது. பதினோரு மாத அக்ரிமென்ட்டை நம்பி முப்பது லட்சத்தைச் சுவரில் போடாதீர்கள். அவர் ஐந்து வருடத்துக்குள் காலி செய்யச் சொல்லக்கூடாது, நீங்கள் ஒரு வருடம் முடிந்ததும் மூன்று மாத நோட்டீஸில் வெளியேறலாம். உள்வாடகைக்கு விட அனுமதி என்று எழுத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் உங்கள் வாடிக்கையாளர் ஜிஎஸ்டி பதிவுக்குத் தடையில்லாச் சான்று கேட்கும்போது ஒவ்வொரு முறையும் ஓனர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அட்வான்ஸ் பத்து மாதம் என்பார், ஆறில் நில்லுங்கள்.

அவர் சிரித்துக்கொண்டே, "துணிக்கடைக்காரர் ஒருத்தர் நாப்பது தர்றேங்கறார்" என்பார். துணிக்கடைக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு, அழகாபுரத்தில், சாரதா காலேஜ் ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடிகள் எத்தனை மாதமாகக் காலியாக இருக்கின்றன என்று வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். 'டு லெட்' பலகை வெயிலில் வெளுத்துப்போன கட்டடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.